ஐந்நூற்றொன்றாவது யூனிட்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் செலவானால், 2024 ஜூலையில் வந்த விலைப்பட்டியலின்படி கட்டணம் 1,805 ரூபாய். அதே வீட்டில் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் கட்டணம் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல். பில் போட்டவர் தவறு செய்யவில்லை, பட்டியலே அப்படித்தான் இருக்கிறது. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500-க்குள் நிற்கும் வீட்டுக்கு அடுத்த நூறு யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அதே நூறு யூனிட் 4 ரூபாய் 70 காசு. கோட்டைத் தாண்டியதும், ஏற்கெனவே எரித்து முடித்த மின்சாரத்தின் விலையும் சேர்ந்து ஏறிவிடுகிறது.

நாளுக்கு 8 யூனிட் செலவாகும் ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு ஏ.சி., ஒரு ஃபிரிட்ஜ், கோடைக்காலம். அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். கணக்கெடுப்பவர் ஐந்து நாள் தள்ளி வந்தால் மீட்டரில் 520 இருக்கும். அதை அப்படியே இரண்டு மாதக் கணக்காக எடுத்துக்கொண்டால் 2,208 ரூபாய். ஐந்து நாள் மின்சாரத்துக்கு 529 ரூபாய்! ரீடிங் எடுக்கத் தாமதமாக வந்ததால் பில் ஏறிவிட்டது என்று ஈ.பி. ஆபீஸ் கவுண்டரில் கேட்கும் குமுறலுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்ததற்கும் இதுவே காரணம்.

இந்த 500 என்ற கோட்டைப் போடுவது யார்? மின்வாரியம் என்பார்கள், அரசு என்பார்கள். சட்டப்படி பார்த்தால் இரண்டுமில்லை. சென்னை கிண்டியில், திரு.வி.க. தொழிற்பேட்டையிலுள்ள சிட்கோ கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் விலையை நிர்ணயிக்கிறது. 1999-ல் அமைந்தது. மின்வாரியம், அதாவது இப்போதைய மின் பகிர்மானக் கழகம், விலை கேட்டு மனுப் போடலாம். தானாக விலை வைக்க முடியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதற்கு ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. மனுவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பொதுமக்கள் தரும் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவு போட வேண்டும். அரசு மக்களின் சுமையைக் குறைக்க விரும்பினால் தாராளமாக மானியம் தரலாம். ஆனால் 65-ஆவது பிரிவின்படி அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இந்த வழியில் வருவது.

அரிசி விலையை, பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசும்போது நம் கண் டில்லியை நோக்கியே போகிறது. கரண்ட், பேருந்து, குடிநீர், ரேஷன், தனியார் பள்ளிக் கட்டணம் என்று மாதச் செலவில் பல தலைப்புகள் மாநில எல்லைக்குள் முடிவாகின்றன. அவற்றில் மின்சாரம் ஒன்றுக்குத்தான், விலை ஏறுமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மாநில அளவிலான நுகர்வோர் இயக்கத்தின் பலமும் பலவீனமும் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் தெரியும் அளவுக்கு வேறெங்கும் தெரிவதில்லை.

2022-ஆம் ஆண்டுக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2014-க்குப் பிறகு ஏறாமலிருந்த கட்டணத்தை உயர்த்தக் கேட்டு அந்த ஆண்டு ஜூலையில் மின்வாரியம் ஆணையத்துக்குப் போனது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. இடையே நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் பதவி காலியாக இருக்கிறது, அது நிரம்பாமல் எப்படி இறுதி உத்தரவு போடலாம் என்பது வாதம். தனி நீதிபதி தடை விதித்தார். இரு நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கியது. செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவு வந்தது, மறுநாளே புதிய விலை அமலுக்கு வந்தது.

அந்த உத்தரவில் 500 யூனிட் வீட்டின் பில் 1,130-லிருந்து 1,725 ரூபாயாக ஏறியது. பத்திரிகைகள் எழுதியதும் மக்கள் பேசியதும் இதைத்தான். அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்றும் அதில் இருந்தது. பழைய பட்டியலில் 501-ஆவது யூனிட்டைத் தொட்டால் பில் 1,130-லிருந்து ஏறத்தாழ 1,787 ரூபாய்க்குத் தாவியது; ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் தண்டம். புதிய பட்டியல் அந்தத் தாவலை 233 ரூபாயாகக் குறைத்தது. பள்ளம் மூடப்படவில்லை, ஆழம் குறைந்தது. வீட்டு உபயோகத்துக்கு நிலைக்கட்டணமும் நீக்கப்பட்டது. ஒரே உத்தரவில் விலையும் ஏறியிருக்கிறது, ஓர் அநியாயம் பாதிக்கு மேல் குறைந்தும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் படித்து, மீதியையும் எடு என்று கேட்க ஆள் வேண்டும்.

ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள்? கூட்டத்தில் மின்வாரியத்தின் பக்கம் தலைமைப் பொறியாளர்களும் நிதிப்பிரிவு அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் இருப்பார்கள். மனு நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும்: மின் கொள்முதல் செலவு, கடனுக்கான வட்டி, பகிர்மான இழப்பு, விவசாய இணைப்புகளின் உத்தேசப் பயன்பாடு. எதிரே பெரிய ஆலைகளின் சங்கங்கள் தங்கள் நிபுணர்களோடு வந்திருக்கும். வீட்டு நுகர்வோர் கையில் ஒரு பில்லோடு வந்திருப்பார். அவருக்கு மூன்று நான்கு நிமிடம் கிடைக்கும். கட்டணத்தை ஏற்றாதீர்கள், குடும்பம் நடத்த முடியவில்லை என்பார். அது உண்மை. ஆனால் அந்த உண்மையை ஆணையம் ஒரு வரியில் பதிவு செய்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட முடியும். மீட்டரே இல்லாத இணைப்புகளின் பயன்பாட்டை எந்த அடிப்படையில் கணக்கிட்டீர்கள், அந்த உத்தேசம் தவறானால் பகிர்மான இழப்பு எவ்வளவு கூடும், அந்த இழப்பை ஏன் எங்கள் தலையில் ஏற்றுகிறீர்கள் என்று ஒருவர் எழுத்தில் கேட்டால், அதற்கு எண்களில்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் படிப்பும் நேரமும் வேண்டும். முக்கியமாக, போன ஆண்டு கேட்டவரே இந்த ஆண்டும் வந்திருக்க வேண்டும்.

சங்கமாகச் சேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். 2022 உத்தரவுக்குப் பிறகு சிறு, குறு தொழில்கூடங்களின் நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் ஏறின. கோவை, திருப்பூர் பகுதித் தொழில் அமைப்புகள் விடாமல் மனுக் கொடுத்தன. உச்சநேரக் கட்டணம் குறைக்கப்பட்டது. அதோடு நிற்காமல் 2023 செப்டம்பர் 25-ஆம் தேதி அவை ஒருநாள் கதவடைப்பும் நடத்தின. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதையும் அப்படியே. மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று புதிய பிரிவு வந்தது; அது 8 ரூபாய் 15 காசாகவும் ஏறியது. குடியிருப்போர் சங்கங்கள் தொடர்ந்து முறையிட்டன. 2023 அக்டோபரில், பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிகளுக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. நிபந்தனைகளை மறுபடி படித்தால் தெரியும்: பயன் பெற்றது சின்னக் குடியிருப்பு. லிஃப்ட் உள்ள நான்கு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர், பெரும்பாலும் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாதவர், பராமரிப்புச் செலவோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகிவிடும். நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986 டிசம்பரில். அதற்கு ஓராண்டு முன்பே, 1985-ல், சென்னையில் நுகர்வோருக்காக ஓர் அமைப்பு தொடங்கப்பட்டுவிட்டது. சுருக்கமாக 'சி.ஏ.ஜி.' என்று அறியப்படும் அது, விதிமீறிய கட்டடங்களுக்கு அரசு விதிவிலக்குக் கொடுத்துவந்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-ஆம் ஆண்டு தீர்ப்புப் பெற்றது. மின்கட்டண விசாரணைகளில் ஆண்டுக்கணக்காக எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தாக்கல் செய்துவருகிறது. மாவட்டங்களிலும் மின்நுகர்வோருக்கு வழிகாட்ட முயன்றிருக்கிறது. திருச்சியிலும் மற்ற ஊர்களிலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் நடத்தும் நுகர்வோர் அமைப்புகள் பல உண்டு. வாடகை கட்டவே திணறும் இந்த அமைப்புகள், பல்லாயிரம் கோடி வரவுசெலவு உள்ள நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்க முன்வருகின்றன. எத்தனை பேர் இதை உணர்ந்திருக்கிறோம்?

இதற்கு ஒரு கதவைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. மின்சாரச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஆணையத்தின் விசாரணைகளில் நுகர்வோர் சார்பாகப் பேச யாரையும் அதிகாரபூர்வமாக நியமிக்கலாம் என்கிறது. மகாராஷ்டிர ஆணையம் இதை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. புனேயின் 'பிரயாஸ்', 1975-ல் தொடங்கிய 'மும்பை கிராஹக் பஞ்சாயத்' உள்ளிட்ட அமைப்புகளை நுகர்வோர் பிரதிநிதிகளாக அங்கீகரித்தது. அவர்கள் வெளியார் அல்ல, விசாரணையில் இடம் உள்ளவர்கள். மனுவின் நகல் அவர்களைத் தேடி வரும், விளக்கம் கேட்டால் பதில் வரும். என்ரான் மின்திட்ட ஒப்பந்தத்தின் உள்கணக்கைப் பிரித்துக் காட்டிய பிரயாஸ் போன்ற ஒரு குழு, அந்த அங்கீகாரத்தோடு ஆண்டுதோறும் வந்து உட்கார்ந்தால், மின்நிறுவனம் எண்களை எழுதும்போதே கவனமாக எழுதும்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக் கட்டண வழக்குகளில் நுகர்வோருக்காக வாதாடவென்றே அரசு அலுவலகம் உண்டு. அதோடு, 1979-ல் விஸ்கான்சின், 1983-ல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றங்கள் 'குடிமக்கள் மின்நுகர்வு வாரியம்' என்று ஓர் அமைப்பைச் சட்டத்தின் மூலமே உருவாக்கின. நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் முன்வைத்த யோசனை அது. வீட்டு நுகர்வோர் விருப்பப்பட்டுச் சிறு சந்தா கட்டி உறுப்பினராவார்கள்; அந்தப் பணத்தில் பொருளியல் நிபுணரையும் வழக்கறிஞரையும் அமர்த்துவார்கள். உறுப்பினர் சேர்க்க, மின்நிறுவனம் அனுப்பும் பில் உறைக்குள்ளேயே தங்கள் துண்டறிக்கையையும் வைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கலிஃபோர்னியாவில் இதேபோன்ற ஓர் ஏற்பாட்டை மின்நிறுவனம் எதிர்த்தது. 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு நிறுவனத்தை அதன் எதிர்த்தரப்பின் கருத்தைச் சுமந்து செல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. உறை போனது. ஆனால் அதே கலிஃபோர்னியாவில் வேறொரு விதி நிலைத்தது: விசாரணையில் நுகர்வோர் அமைப்பின் வாதம் முடிவுக்கு உண்மையாகவே உதவியிருந்தால், அந்த அமைப்புக்கு ஆன செலவை மின்நிறுவனம் தர வேண்டும். கிண்டியில் இப்படி ஒரு விதி இருந்தால், ஓய்வூதியத்தில் டிக்கெட் எடுத்து மதுரைக்கும் கோவைக்கும் போய்வரும் பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவாக இருக்கும்.

விலை ஒரு பக்கம் இருக்க, கொடுத்த காசுக்குச் சேவை கிடைக்கிறதா என்பது இன்னொரு பக்கம். இங்கே தமிழ்நாட்டு விதிகள் பலர் நினைப்பதைவிட நல்லவை. ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் கொண்டுவந்த செயல்திறன் விதிமுறைகள், மின்வாரியம் சொன்ன நேரத்தில் வேலையை முடிக்காவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றன. புது இணைப்பு தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1,000. பில் புகாருக்குத் தீர்வு தராவிட்டால் 150. வோல்டேஜ் குறைபாட்டைச் சரிசெய்யாவிட்டால் 250. வருகிறேன் என்று சொன்ன ஊழியர் வராவிட்டால்கூட 50 ரூபாய் உண்டு. இந்தத் தொகையைத் தன் பில்லில் கழித்துப் பார்த்த வீட்டுக்காரர் எத்தனை பேர் நமக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்கள்? இழப்பீடு உண்டு என்பதே தெரியாதபோது கேட்பது எப்படி?

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள் மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவில் உள்ளன. பணம் கட்டவில்லை என்று இணைப்பைத் துண்டிக்க, எழுத்தில் 15 நாள் அவகாசம் தர வேண்டும். முதன்முதலில் கட்ட வேண்டியதாகி இரண்டு ஆண்டு கடந்த பாக்கியை, அது இடைப்பட்ட பில்களில் தொடர்ந்து காட்டப்பட்டு வந்திருந்தால் ஒழிய, வசூலிக்க முடியாது. வாடகை வீடு மாறுபவர்களும், பழைய வீடு வாங்குபவர்களும் இந்த வரிகளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கலாம்.

முறையிட மூன்று படிகள் உண்டு. முதலில் மின்வாரியத்தின் 'மின்னகம்' புகார் எண் 94987 94987 அல்லது பிரிவு அலுவலகம். அங்கே தீராவிட்டால் மின்பகிர்மான வட்டம்தோறும் உள்ள மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதிலும் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள மின்குறைதீர்ப்பாளர். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நடுப்படியில் ஒரு கோளாறு இருக்கிறது: வட்ட மன்றத்தின் தலைவர் அதே மின்வாரியத்தின் மேற்பார்வைப் பொறியாளர். தன் அலுவலகத்தின் மீதான புகாரைத் தானே விசாரிக்கும் ஏற்பாடு இது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் புகார் கொடுப்பவருக்கு நம்பிக்கை வராது. அதனால் பலர் அந்தப் படியோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் மூன்றாவது படிக்குப் போனவர்களுக்குச் சாதகமாக வந்த உத்தரவுகள் நிறைய. மின்குறைதீர்ப்பாளரின் உத்தரவுகள் ஆணையத்தின் இணையதளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. தன் பிரச்சினையைப் போன்ற ஒன்றை அங்கே தேடி எடுத்து மனுவில் சுட்டிக்காட்டுவது நல்ல வழி.

கடை, தபால் அலுவலகம், காப்பீடு, மருத்துவமனை என்றால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு ஒரு பெரிய வசதி கிடைத்தது. பொருள் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை; நுகர்வோர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இந்த ஆணையங்களிலிருந்து வரும் சிறு தொகை வழக்குகள் செய்தியாகும்போது மக்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிரிப்பை நிறுத்திவிட்டு அவற்றைப் படிக்க வேண்டும். விழுப்புரத்தில் ஒருவர், 2022 நவம்பரில், 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். பட்டியலில் இருந்த ஊறுகாய் பார்சலில் இல்லை. கேட்டதற்கு ஓட்டல் பொறுப்பேற்கவில்லை. மாவட்ட ஆணையம் 2024-ல் 35,000 ரூபாய் தரச் சொன்னது. காஞ்சிபுரம் மாவட்ட ஆணையத்துக்கு வந்த வழக்கு இதைவிடச் சிறியது, அதனாலேயே இதைவிட முக்கியமானது. சென்னைக்கு அடுத்த பொழிச்சலூர் தபால் அலுவலகத்தில், 2023 டிசம்பரில், ஒருவர் பதிவுத் தபால் அனுப்பினார். கட்டணம் 29 ரூபாய் 50 காசு. 30 ரூபாய் கொடுத்தார். மீதி 50 காசு வரவில்லை. சரியான தொகையை யு.பி.ஐ.யில் தருகிறேன் என்றார், அதையும் ஏற்கவில்லை. வழக்கில் தபால் துறை சொன்ன பதில்தான் விஷயம்: தங்கள் கணினி மென்பொருள் 50 காசைத் தானாகவே முழு ரூபாயாக ஆக்கிவிடுகிறது. அப்படியானால் அந்த 50 காசு ஒருவரிடம் மட்டும் பிடிக்கப்பட்டதல்ல. அதே கவுண்டரில், அதே மென்பொருளில், வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் பிடிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் ஆணையம் 50 காசைத் திருப்பித் தரவும், 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் தரவும் உத்தரவிட்டது. ஒரு தனிமனிதர் 50 காசுக்குப் போராடியதால் ஒரு முறைகேடு எழுத்தில் பதிவாகியது. அடுத்த கட்டமாக, வரிசையில் நின்ற மற்றவர்களின் 50 காசு என்ன ஆனது என்று கேட்கும் வேலை அமைப்புகளுடையது. ஒரே வகையான குறையுள்ள பலருக்காக ஒரு வழக்குப் போடவும், பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பு புகார்தாரராக வரவும் சட்டம் இடம் தருகிறது.

அரசு அலுவலகம் என்றால் நுகர்வோர் சட்டம் பாயாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. வீட்டுமனையோ வீடோ பணம் வாங்கிக்கொண்டு தரும் அரசு அமைப்பும் சேவை தருவதுதான். அலைக்கழித்த அதிகாரி யார் என்று கண்டுபிடித்து அவர் பையிலிருந்தே இழப்பீட்டை வசூலிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. மருத்துவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை சொன்னதை, 1995-ல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. எல்லோருக்கும் முழுவதும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் வெளியே நிற்கின்றன. ஏழைகள் அதிகம் போகும் இடத்துக்கு இந்தச் சட்டத்தின் கை நீளவில்லை என்பது வலிக்கும் உண்மை.

அப்படிக் கை நீளாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பேருந்துக் கட்டணம் அரசாணையால் ஏறுகிறது, அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. 2018 ஜனவரி 20-ஆம் தேதி காலையில் வேலைக்குக் கிளம்பிய பலர் டிக்கெட் கையில் வந்த பிறகுதான் புதிய விலையைப் பார்த்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பத்து நாளுக்குள் அரசு ஓரளவு குறைத்தது. அந்த மாதம் முழுக்கப் பேருந்துக் கழகங்களின் செலவுக் கணக்கை யாரும் வரி வரியாகக் கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கான இடமே அமைக்கப்படவில்லை. சென்னைக் குடிநீர்க் கட்டணத்துக்கும் தனி ஒழுங்குமுறை ஆணையம் இல்லை. தனியார் பள்ளிகளுக்கு 2009 சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு உண்டு. பள்ளி நிர்வாகம் தன் செலவுக் கணக்கோடு அங்கே போகிறது, பெற்றோருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. ரேஷனில் நிலைமை மேல். அனைவருக்குமான பொது விநியோகத்தைத் தமிழ்நாடு கைவிடாமல் காத்திருக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கிறது, 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது. சாதிச் சான்று, பட்டா மாறுதல், கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் என்று கெடு வைத்து, தவறினால் அதிகாரிக்கு அபராதம் போடும் சேவை பெறும் உரிமைச் சட்டம். மத்தியப் பிரதேசம் 2010-லும் பிகார் 2011-லும் இதைக் கொண்டுவந்தன. கர்நாடகம் 'சகாலா' என்ற பெயரில் நடத்துகிறது, கேரளத்திலும் 2012-லிருந்து இருக்கிறது. தகவல் அறியும் உரிமைக்கு 1997-லேயே, நாட்டுச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, தனிச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அது சேவை உரிமையில் பின்தங்கியது வருத்தத்துக்குரியது. சி.ஏ.ஜி., அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் பல ஆண்டாக இதைக் கேட்டுவருகின்றன.

2022 செப்டம்பர் உத்தரவு 2027 மார்ச் 31 வரையிலான காலத்துக்குப் போடப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டு உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறலாம் என்பதும் அதில் உள்ளதுதான். அந்தக் காலம் முடியும்போது அடுத்த சில ஆண்டுகளுக்கான விலைக்கு மறுபடி மனு வர வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், கூட்டம் நடக்க வேண்டும். ஆட்சேபத்தை எழுத நிபுணராக இருக்க வேண்டியதில்லை. மின் இணைப்பு எண், கடைசி ஆறு பில்களில் ரீடிங் எடுத்த தேதிகள், இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்கள், அந்த நாட்களின் யூனிட், கட்டிய தொகை. 60 நாளைத் தாண்டிய ஒவ்வொரு பில்லிலும் எவ்வளவு கூடுதலாகக் கட்ட நேர்ந்தது என்று ஒரு பத்தி எழுதினால் போதும். ஒரு தெருவிலிருந்து இருபது வீட்டார் இதே கணக்கை அனுப்பினால் அது தனிப்பட்ட குறையாக நிற்காது, மின்வாரியம் எண்ணால் பதில் சொல்ல வேண்டிய சான்றாகிவிடும். ஆணையத்தின் செயலாளருக்குத் தமிழிலேயே எழுதலாம்; கூட்டத்தில் நேரில் பேசவும் விருப்பம் உண்டு என்று கடிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.